ஊழிக்கு மறுநாள் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர்?

செத்தவர்கள் எழும்பி மனிதரைக் கடிக்கும் ஸோம்பிப் படம் பார்த்தவர்களிடம் கேட்டால் கடிபட்ட காட்சிகளைத்தான் சொல்வார்கள். ஆனால் படம் ஓடும்போது அவர்கள் வாய்விட்டுப் பேசத் தொடங்குவது இன்னொரு இடத்தில். கதாநாயகன் ஆளில்லாத கடைக்குள் நுழைகிறான். இறாக்கைகள் பாதி வெறுமை. கையில் ஒரு பை. உடனே பார்க்கிறவர்களிடமிருந்து கட்டளைகள் பறக்கும். சோடாவை விடு, உப்பை எடு. ரின்மீன் எடுக்கிறாயே, திறக்கிறதுக்கு என்ன வைச்சிருக்கிறாய்? நெருப்புப்பெட்டி எங்கே? பால்மாவை விட்டிட்டுப் போறான் பார்!

உலகமுடிவுக் கதைகள் இத்தனை பேரை இழுத்து வைத்திருப்பது அந்தப் பையால்தான் என்பது என் உறுதியான எண்ணம். அன்றாடம் நம்மை அரிக்கும் பயங்களுக்குப் பட்டியல் கிடையாது. விலைவாசிக்கு முதலில் என்ன செய்வது, கடனுக்கு அடுத்ததாக என்ன செய்வது என்று யாராலும் வரிசைப்படுத்தித் தர முடியாது. கதைக்குள் உலகம் முடிந்ததும் எல்லாம் வரிசைக்கு வந்துவிடுகிறது: கதவு, தண்ணீர், சாப்பாடு, இரவு. நேற்றுவரை ஒருவரும் கணக்கில் எடுக்காத மேசன், கிணற்றுக் கப்பி திருத்தத் தெரிந்த கிழவர், காயத்துக்குத் தையல் போடத் தெரிந்த தாதி ஆகியோர் திடீரென்று ஊரின் தூண்கள் ஆகிறார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு மதிப்பு வரும் உலகமொன்றைக் காண மனிதருக்கு உள்ளூர ஆசை இருக்கிறது. பிணங்கள் அந்த உலகத்துக்கு வாசல் திறந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

திருகோணமலையில் இந்தக் கதைகளைப் பார்ப்பதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்குள்ளவர்களுக்குக் கணக்குச் சரிபார்க்கத் தெரியும். இடம்பெயர்ந்தவர்கள், 2004 டிசெம்பர் 26 சுனாமியைக் கண்டவர்கள், 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு படுத்தவர்கள் எல்லாரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். எது முதலில் நிற்கும், எது கடைசியில் நிற்கும் என்பது அவர்களுக்குப் புத்தகத்தில் படித்த விடயம் இல்லை. அதனால் கதை எங்கே பொய் சொல்கிறது என்பதையும் அவர்கள் உடனே பிடித்துவிடுகிறார்கள்.

முடிவைப் பற்றிய கதைகள் நமக்குப் புதிதும் அல்ல. கோவிலில் ஊழியும் பிரளயமும், பள்ளிவாசலில் கியாமத்து நாளும் தஜ்ஜாலும், தேவாலயத்தில் திருவெளிப்பாடும் ஒரே ஊருக்குள் சொல்லப்படுகின்றன. கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னத்தோடு சிதைந்து நிற்கும் கல்வெட்டும் ஒருவகையில் அதே இனம்தான். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த கோவில் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்றும், பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் வரிசையாக ஆள்வார்கள் என்றும் சொல்லும் பாட்டின் மிச்சம் அது. கல்லில் இருப்பது சில எழுத்துகள். பாட்டு ஊர் வாயில் முழுதாக இருக்கிறது. 1622 இல் பறங்கியரான போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோவிலின் கல்லே கோட்டைக்குப் போனது என்பதால், அந்த வாசலில் நின்று அதைப் படிக்கும்போது உடம்பு ஒருமுறை சிலிர்க்கத்தான் செய்யும்.

இந்தப் பழைய முடிவுகளில் ஒரு நீதிபதி இருக்கிறார். நல்லவன் இந்தப் பக்கம், கெட்டவன் அந்தப் பக்கம். மனிதன் செய்ய வேண்டியது ஒழுங்காக வாழ்ந்திருப்பது ஒன்றுதான். அந்த நாள் வந்தபின் அவனுக்கு வேலை இல்லை. ஸோம்பிக் கதை நீதிபதியை எடுத்துவிட்டு, மறுநாள் காலையை வைக்கிறது.

பிணம் எழும்புவதும் நமக்குப் பழக்கமானது. விக்கிரமாதித்தன் தோளில் தூக்கிப்போகும் பிணத்துக்குள் வேதாளம் இருக்கிறது. அது கதை சொல்லும், கேள்வி கேட்கும், சரியான பதிலுக்குத் திரும்பவும் முருங்கை மரத்துக்குப் பறக்கும். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கூழாகக் காய்ச்சி, ஒன்றையொன்று கூப்பிட்டுப் பரிமாறிச் சாப்பிடுகின்றன. நம் மரபில் செத்தவர்களும் பேய்களும் ஓயாமல் பேசுகிறார்கள். அவர்களோடு வழக்காடலாம், ஏமாற்றலாம், கழிப்புக் கழிக்கலாம். ஸோம்பி பேசாது. அதற்குப் பெயரும் கோரிக்கையும் கிடையாது. வேதாளம் ஒருவனோடு தனியாகச் சண்டையிடும். ஸோம்பி திரளாகத்தான் வரும். தமிழுக்கு இந்தப் பேய் வெளியூர்க்காரனாகத் தெரிவது இதனால்தான்.

அது பிறந்த இடம் ஹெயிட்டி. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகச் செத்தவர்களின் பயம் அதில் ஊறியிருக்கிறது: செத்த பிறகும் யாரோ ஒருவனுக்காக வேலை செய்யவேண்டிவருமோ என்ற பயம். அங்கே ஸோம்பி யாரையும் கடிக்காது. ஸோம்பியாக ஆக்கப்படுவதுதான் கொடுமை. கடிக்கும், தொற்றும், கூட்டமாக வீட்டைச் சூழும் இன்றைய ஸோம்பி 1968 இல் வந்த ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ படத்தின் பிள்ளை. கடைசி நேரத்தில் அந்தப் படத்தின் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யாரும் பிரதி போடலாம், யாரும் திரையிடலாம் என்ற நிலையில் அது உலகமெங்கும் போனது.

இனி உடம்புக் கணக்கு. தமிழில் முதல் ஸோம்பிப் படம் என்று சொல்லப்படும் ‘மிருதன்’, 2016 இல் வந்தது, ஊட்டியில் தொடங்குகிறது. குளிர் ஊரைத் தெரிந்தெடுத்தது கதைக்குப் பெரிய உதவி. ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசும் திருகோணமலையில் செத்த உடம்பு நடமாட முடியாது. தசை சுருங்கி விரிய உயிருள்ள கலம் தயாரிக்கும் சக்தி வேண்டும். அது நின்றதும் இரண்டு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் தாடையில் தொடங்கி உடம்பு விறைக்கும். 30 பாகைக்கு மேல் சூடு இருந்தால் விறைப்பு விரைவாகவே விட்டுவிடும், அழுகலும் கூடவே தொடங்கும். ஈ முட்டையிட அதிக நேரம் எடுக்காது. ஒரு நாளுக்குள் புழு வெளிவரும், இரண்டு மூன்று நாளில் வயிறு ஊதும். அதற்கு மேல் காகமும் தெருநாயும் கபரக்கொய்யாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சில வாரங்களில் எலும்பை எலும்போடு பிடித்துவைக்க ஒன்றும் இராது.

எழுத்தாளர்கள் இதைத் தெரிந்தே ‘செத்தவர்’களை விட்டு ‘தொற்றுக்கு உள்ளானவர்’களுக்கு மாறினார்கள். உயிரோடுதான் இருக்கிறார்கள், மூளை மட்டும் போய்விட்டது என்ற ஏற்பாடு. அங்கேயும் வெயில் குறுக்கே நிற்கிறது. மதிய வெயிலில் ஓடுகிறவனுக்கு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வியர்வை போவது சாதாரணம். குடிக்கத் தெரியாதவன் நிலாவெளி வீதியில் ஒரு பகல் ஓடினால் இரவுக்குள் சுருண்டு விழுவான். மொத்தக் கும்பலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. நல்ல உலகமுடிவுக் கதைகள் கும்பல் விழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பதன் காரணம் இதில் இருக்கிறது. திருகோணமலையில் ஸோம்பி ஒரு வாரக் கதை. மீதி வருடம் முழுவதும் தண்ணீர்க் கதை.

தொற்று எவ்வளவு தூரம் போகும் என்பதையும் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. கடித்து இருபது விநாடியில் மாறிவிடும் நோய், பார்க்கப் பயங்கரம், பரவலில் பலவீனம். அப்படிப்பட்டவன் பஸ் நிலையத்தைத் தாண்டமாட்டான். அவனைக் கண்டதும் சனம் ஓடிவிடும், சாரதி கதவைப் பூட்டிவிடுவார். எட்டு மணித்தியாலம் கழித்து மாறும் நோய் இரவு பஸ்ஸில் ஏறி, சுமார் 260 கிலோமீற்றர் நித்திரை கொண்டு, விடியப் புறக்கோட்டையில் இறங்கும். எழுதுகிறவர் முதல் பக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டிய எண் இதுதான். 2009 இல் கனடாவில் சில கணிதவியலாளர்கள் ஸோம்பித் தொற்றைச் சமன்பாடுகளில் போட்டு ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். தனிமைப்படுத்துவது முடிவைத் தள்ளிப்போடும், விரைவாகவும் திரும்பத் திரும்பவும் தாக்கினால் மட்டும் மனிதர் பிழைப்பர் என்று அவர்களுடைய மாதிரி காட்டியது. நமக்கு அதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2017 இல் கிண்ணியாவைப் பிடித்த டெங்கு பாடசாலைகளையே மூடவைத்தது. அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அதில் துரத்தி வந்தவர் எவருமில்லை. தொற்றியவர்களில் பலருக்குத் தங்களுக்குத் தொற்றியதே தெரியாது. பூச்சாடித் தட்டில் நின்ற தண்ணீர் போதுமாயிருந்தது.

கடியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்கள் இதில் பிழையான பாடம் படிப்பிக்கின்றன. திரையில் கடிபட்டவன் அத்தோடு முடிந்தான். அந்தக் கற்பனைக்கு மூலமாக இருக்கும் உண்மை நோய் விசர்நாய்க்கடி. அங்கே கடிபட்ட பிறகுதான் நேரம் தொடங்குகிறது. நோய் தலைகாட்டப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். கடித்த உடனே ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து, காயத்தைக் கழுவ வேண்டும். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. பிறகு ஆஸ்பத்திரி, தடுப்பூசி. காயத்தைப் பொறுத்து எதிர்ப்புச் சீரம். அறிகுறி வந்த பிறகு அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. வருமுன் கழுவி ஊசி போட்டவர் பிழைப்பார். கடிபட்ட நண்பனைச் சுட்டுவிட்டு அழும் காட்சிக்குப் பதிலாக, பதினைந்து நிமிடம் குழாயடியில் பிடித்து வைத்திருக்கும் காட்சியை யாராவது எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

முடிவு வந்த ஊரில் முதலில் போவது மின்சாரம். மின்தொகுப்பில் உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு விநாடியும் சமமாக இருக்க வேண்டும். மின்னோட்டத்தின் அலைவு 50 ஹேர்ட்ஸிலிருந்து விலகினால் இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றத் தாங்களே கழன்றுகொள்ளும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் இருண்டது. கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் வேலையில் இருந்த நாளிலேயே அப்படி. ஆள் இல்லாத தொகுப்பு ஒரு நாள் தாங்கினாலே பெரிய காரியம். தொலைபேசிக் கோபுரங்கள் பற்றரியில் இன்னும் சில மணித்தியாலம் இழுக்கும். நகரத்துக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கந்தளாயில் சுத்திகரித்து அனுப்பப்படுவது. நீர்த்தாங்கிகளில் ஏற்றிவைத்தது தீர்ந்ததும் குழாய் காற்றை ஊதும். ஆகவே முதல் மணித்தியாலத்தில் செய்யவேண்டியது, வீட்டிலுள்ள அண்டா, வாளி, குடம் அத்தனையையும் நிரப்புவது. கதவுக்குப் பலகை அடிப்பது அதற்குப் பிறகுதான்.

பிறகு கிணறு. எழுத்தாளர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இது, நம் கரையோர ஊர்கள் அதிகம் அறிந்த இடமும் இது. நாலடி விட்டக் கிணற்றில் ஓரடித் தண்ணீர் சுமார் 350 லீற்றர். குடிக்க, சமைக்க, கொஞ்சம் கழுவ என்று ஆளுக்கு 15 லீற்றர் வைத்தால் ஐந்து பேருக்கு 75. ஊற்று இல்லாவிட்டாலும் ஓரடி நாலு நாளுக்கு மேல் வரும். கணக்கு இலகு. சிக்கல் அடியில் கிடக்கிறது. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி போன்ற மணற்கரைகளில் நன்னீர், கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடியைப் பேராசையோடு இறைத்தால் கீழிருந்து உப்பு மேலே கூம்பாக எழும்பும். மோட்டரைப் போட்டு ஒரேயடியாக உறிஞ்சுகிறவனுக்கு உவர்த்தண்ணீர் கிடைக்கும். வாளியும் கயிறுமாகக் காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் அள்ளுகிறவனுக்கு நன்னீர் தொடர்ந்து கிடைக்கும்.

2004 க்குப் பிறகு கிழக்குக் கரையில் இதே தவறு நல்லெண்ணத்தோடு நடந்தது. கடல் ஏறிய கிணறுகளைச் சுத்தம் செய்யப் பம்பிகளோடு வந்தவர்கள் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சேறும் குப்பையும் போயின, உப்புப் போகவில்லை. சில இடங்களில் கூடியது. உப்பைக் கழுவியது அடுத்தடுத்த மாரி மழை. கிணற்றில் விழுந்ததை அள்ளி, ஒரு முறை நிதானமாக இறைத்துவிட்டு, மழைக்குக் காத்திருப்பதுதான் முறை.

கிருமிக்கு மருந்து குளோரின். 30 சதவீதக் குளோரின் தூள் என்றால் 1,000 லீற்றர் கிணற்றுத் தண்ணீருக்கு 170 கிராம் அளவு. வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, அரை நாளாவது விட்டு, மணம் போகும்வரை இறைக்க வேண்டும். இறைப்பது இங்கேயும் மெதுவாகத்தான். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கல்ல, கிணற்றைக் கழுவுவதற்கு. குடிக்கும் தண்ணீருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத வெளுப்புத் திரவம் லீற்றருக்கு இரண்டு துளி, அரை மணித்தியாலக் காத்திருப்பு. கலங்கல் என்றால் முதலில் சீலையில் வடிக்க வேண்டும். வடிக்காமல் போட்டால் குளோரின் அழுக்கோடேயே செலவாகிவிடும். நம் சூட்டில் அந்தத் திரவம் ஒரு வருடத்தில் வீரியம் இழந்துவிடும். ஐந்து வருடம் பழைய போத்தலைக் கண்டெடுத்து மகிழும் கதாநாயகி வயிற்றோட்டத்தில் படுப்பாள். அது தீர்ந்தால் வெயிலே மருந்து: நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி ஆறு மணித்தியாலம் நேர்வெயிலில் தகரத்தின்மேல் கிடத்துவது, முகிலென்றால் இரண்டு நாள். இவை எதுவும் உப்பை எடுக்காது.

பெற்றோல் விடயத்தில் பெரும்பாலான படங்கள் நம்பமுடியாதவை. பத்து வருடம் கழித்தும் கார் ஓடுகிறது. உண்மையில் கலனிலுள்ள பெற்றோலின் இலகுவான பகுதி முதலில் ஆவியாகும், மிச்சம் பிசினாகிக் காபரேற்றரை அடைக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு நம்ப முடியாது, ஒரு வருடத்தில் பெரும்பாலும் பயனில்லை. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லையில் பாசிபோல ஒன்று வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். அதிக காலம் தாங்குவது மண்ணெண்ணெய். 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தபோது, கடல் நிறைய மீன் இருந்தும் சந்தையில் மீன் இல்லாமல் போனதை இந்த ஊர் பார்த்தது. அதைப் பார்த்தவர்களுக்குக் கரைவலையின் அருமை தெரியும். அதற்கு எண்ணெய் வேண்டாம், ஆள் வேண்டும், முப்பது நாற்பது கை வேண்டும். தனி ஆளாகப் பிழைக்கும் வீரனுக்கு அந்த வலையை இழுக்க முடியாது.

எண்ணெய் என்றதும் சீனன்குடா தாங்கிகள் நினைவுக்கு வராமல் இராது. இரண்டாம் உலகப்போருக்கு முன் கட்டத் தொடங்கியவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 99 இன்னும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு தாங்கியில் விமானமே மோதி எரிந்தது. மேல் பகுதியிலுள்ள தாங்கிகள் பல பத்தாண்டுகளாகக் காட்டுக்குள் கிடந்தன: துருவேறிய இரும்பு வட்டங்களைச் சுற்றி மரங்கள், இடையில் யானை நடந்த தடம். உலகமுடிவுப் படத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துப் போடும் செற் இங்கே கேட்பாரற்று நின்றது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காலி. பெரிய தாங்கி என்றால் நிறைய எண்ணெய் என்று நம்பிப் போகும் கதாபாத்திரம் அங்கே ஏமாறட்டும், நல்ல அத்தியாயமாகும்.

எங்கே ஒளிவது என்று கேட்டால் பலரும் சொல்வது கோட்டை. மூன்று பக்கமும் கடலும் செங்குத்துப் பாறையும், ஒரே வாசல், உள்ளே மான்கள். புறாமலைத் தீவு என்பார்கள் இன்னும் சிலர். இரண்டும் எதிரியைத் தடுக்கும், பட்டினியைத் தடுக்காது. தீவில் குடிதண்ணீர் இல்லை. கோட்டைக்குள் வயல் இல்லை, மான்கள் எத்தனை நாளுக்கு? மூதூர்ப் பக்கம் போகலாமென்றால் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் நடுவில் இருக்கிறது. 2009 இல் அது திறக்கும்வரை அந்தக் கடப்பைப் ‘பாதை’ என்ற மிதவைப் படகுதான் செய்தது. பாலத்தை ஒரு பஸ் குறுக்கே நின்றால் அடைத்துவிடலாம், பாதையை அக்கரையில் கட்டிவைத்தால் போதும். நான் எழுதினால் ஆட்களைத் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோவேன். வயல், மேய்ச்சல் மாடு, குடாவில் மீன், நிலாவெளி உப்பளத்தின் உப்பு ஒரு நாள் நடைக்குள். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. குறைத்தால் கருவாட்டில் புழு வைக்கும்.

அங்கே ஸோம்பியைவிடப் பெரிய ஆபத்து மேலே கந்தளாயில் இருக்கிறது. 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். கட்டு மண்ணாலானது. அதில் மரம் முளைக்கும், வேர் உக்கினால் ஓட்டை. கறையானும் முள்ளம்பன்றியும் தோண்டும். கட்டின் கீழ்ப்பக்கத்தில் கசியும் நீர் தெளிவாக வந்தால் நேரமிருக்கிறது. கலங்கி வந்தால் கட்டின் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்போது ஓட்டையை மண் போட்டு அடைக்கக்கூடாது. அடைத்தால் வேறு இடத்தால் பீறும். மணலும் அதன்மேல் சரளைக்கல்லும் போட்டு, தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் மறிக்க வேண்டும். மார்கழி மழையில் இரவிரவாக, மிஞ்சிய நீர் வழியும் வான் கதவையும் நீர் திறந்துவிடும் துருசையும் பார்க்க ஆள் வேண்டும். ஊழிக்குப் பிறகும் குளம் இருக்கும், குளத்துக்கு ஆள் இருக்கவேண்டும். இதை மையமாக வைத்து ஒரு நாவல் தமிழில் வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அவசரப் பையைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 மே மாதம் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் ஸோம்பிக்கு ஆயத்தமாவது எப்படி என்று எழுதி, அதன் சாக்கில் சூறாவளிக்கும் நிலநடுக்கத்துக்கும் சனத்தை ஆயத்தப்படுத்தியது. எதிர்பாராத கூட்டத்தில் அந்தப் பக்கமே முடங்கிப்போனது. கோவிட் காலத்தில் நடந்த ஓர் ஆய்வும் இவ்வகைப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் அந்த நெருக்கடிக்கு மற்றவர்களைவிட ஆயத்தமாக இருந்ததாகக் கண்டது. திரைப்படப் பைகளில் கத்தி, ரோர்ச், கயிறு. வடக்குக் கிழக்கு வீடுகளில் கதவோரம் தொங்கிய பையில் முதலில் இருந்தது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம். உயிர் தப்பிய மறுநாளே ‘நீ யார்’ என்ற கேள்வி வரும் என்று தெரிந்தவர்களின் பை அது. அதோடு வீட்டில் ஒருவருக்கு இன்சுலின் இருக்கும். திறந்த குப்பி 30 பாகைக்குள் நாலு வாரம் தாங்கும். கச்சான் காலத்து வரண்ட காற்றில் நனைந்த மண்பானைக்குள் வைத்தால் அந்தச் சூட்டுக்குக் கீழே நிற்கும், மாரி ஈரத்தில் பானை அவ்வளவு குளிராது.

இந்தக் கதைகளோடு எனக்கு உள்ள மனத்தாங்கல் இரண்டு. முதலாவது செத்தவர்களைப் பற்றியது. ஸோம்பி என்பது பெயர் பறிக்கப்பட்ட பிணம்; அதைச் சுடலாம், எரிக்கலாம், குவிக்கலாம். சுனாமிக்குப் பிறகு பிணங்களால் கொள்ளைநோய் வருமென்ற பயத்தில் கரையோரங்களில் அவசரமாகப் புதைத்தார்கள். விபத்திலும் வெள்ளத்திலும் செத்த உடம்புகள் அப்படித் தொற்றைக் கொண்டுவருவதில்லை. தண்ணீரும் மலமும் கலந்தால்தான் ஆபத்து. 2006 இல் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவையும் சேர்ந்து வெளியிட்ட கையேடு சொல்லும் வேலைகள் எளியவை: ஒவ்வொரு உடலுக்கும் தனி இலக்கம், கழுவிய முகத்தின் படம், உடை நகை தழும்புக் குறிப்பு, ஒன்றரை மீற்றர் ஆழத்தில், ஒன்றின்மேல் ஒன்று போடாமல், இடைவெளி விட்டு ஒரே அடுக்காக. எரிக்கக்கூடாது. பிறகு தேடி வரும் தாய்க்கு ஒரு இலக்கமாவது இருக்கவேண்டும். அந்த இலக்கம் கிடைக்காமல் இன்னமும் தேடுகிறவர்கள் இருக்கும் ஊரில், பெயரில்லாப் பிணக்கும்பலைக் கதைக்கு வசதியான எதிரியாக என்னால் பார்க்க முடிவதில்லை.

இரண்டாவது உயிரோடிருப்பவர்களைப் பற்றியது. மின்சாரம் நின்ற மூன்றாம் நாளே அயலவன் துவக்கோடு வருவான் என்று இக்கதைகள் அடித்துச் சொல்கின்றன. கடல் வந்த நாளில் முதலில் ஓடிவந்தது அயலவர்கள்தான். எந்த நிறுவனமும் வருவதற்கு முன் பள்ளிவாசல்களிலும் கோவில்களிலும் பாடசாலைகளிலும் சோறு வெந்தது. 2022 வரிசைகளில் சண்டையும் நடந்தது, பக்கத்து ஆளுக்கு இடம் பிடித்து வைத்ததும் நடந்தது. கொடுமை செய்தவர்களை இந்த மண் நன்றாக அறியும், ஆனால் அவர்கள் பசியில் திசைகெட்டு வந்த கூட்டம் இல்லை. கும்பலைக் கண்டால் சுடு என்பதை அறிவாகப் படிப்பிக்கும் கதை உண்மைக்கு மாறானது. சாதி, மதம், மொழி கேட்காமல் எல்லாரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தும் எதிரி என்பதால் ஸோம்பியைச் சிலர் விரும்புகிறார்கள். அந்த ஏக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. அதற்கு ஒரு கரைவலை போதும்.

இங்கே ஒரு கதை எழுத நினைப்பவர்கள் மாதத்தைச் சரியாகத் தெரிந்தெடுக்க வேண்டும். புரட்டாதியில் தொடங்குங்கள். கச்சான் முடிந்து கிணறுகள் அடியைத் தொட்டிருக்கும், மழை வந்திராது. வீட்டு அரிசி ஐந்து பேருக்கு நாளுக்கு இரண்டு கிலோ வீதம் குறைந்துகொண்டிருக்கும். அறையின் மூலையில், வேப்பிலை போட்டுக் கட்டிய சாக்கில் ஒரு ஏக்கருக்கான விதைநெல், 40 கிலோ. குற்றினால் 26 கிலோ அரிசி. பதின்மூன்று நாள் சாப்பாடு. விதைத்தால் மூன்றரை மாதம் கழித்து, உரமில்லாத வயலில் பாதி விளைச்சல் என்று வைத்தாலும் 800 கிலோ நெல், ஐந்து பேருக்கு எட்டு மாதத்துக்கு மேல். இடையிலுள்ள நூறு நாளுக்கு மீனும் மரவள்ளியும் முருங்கைக்கீரையும் பனங்கிழங்கும் எங்கிருந்து, யாரிடம் கேட்டு, எதைக் கொடுத்து வாங்குவது என்பதை நாள்வாரியாக எழுதினால் முந்நூறு பக்கம் தானாக வரும்.